இவர் கட்டார்ல இருந்து லீவுல வாறார், பள்ளிக்கூடத்த விட்டுட்டு பிள்ளைகளக் கூட்டிப் போகலாமா?

களுவாஞ்சிகுடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இத யார்ட கேக்கிற எண்டு தெரியாமத்தான் இஞ்ச போடுறன். இவர் கட்டார்ல வேலை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் லீவு, அதையும் எப்ப குடுப்பாங்க எண்டு கம்பனிதான் சொல்லும், நாம கேக்கிற மாதத்தில கிடைக்காது. இந்த முறை ஜூன் நடுவில வந்து ஜூலை நடுவில திரும்பப் போறார். சரியா ரெண்டாந் தவணைக்கு நடுவில. ஏப்ரல் லீவும் இல்ல ஆகஸ்ட் லீவும் இல்ல.

போன தடவை வந்தப்ப பிள்ளைகள் காலையில கிளாஸ், மறுகா பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்ப கிளாஸ் எண்டு ஓட, மனிசன் தனிய முத்தத்தில கதிரையப் போட்டு இருந்திட்டுப் போனதுதான் மிச்சம். அதனால இந்த முறை ஒரு வான் பிடிச்சு அம்பாறை, மொனராகலையால கதிர்காமம் போய் கும்பிட்டுட்டு, அப்பிடியே எல்ல, நுவரெலியா, கண்டி பாத்து பொலன்னறுவையால வருவம் எண்டு இவர் போன்லயே பிளான் எல்லாம் போட்டுட்டார். கணக்குப் பாத்தா எட்டு பள்ளிக்கூட நாள் போகும். மகள் எட்டாம் ஆண்டு, மகன் நாலாம் ஆண்டு.

வகுப்பு டீச்சர்ட மெல்லமாக் கேட்டன், "சுத்துலா போறதுக்கெல்லாமா லீவு கேக்கிற" எண்டு ஒரு மாதிரிக் கேட்டாங்க, எனக்கு வெக்கமாப் போயிட்டு. மாமி சொல்றா காய்ச்சல் எண்டு ஒரு கடிதத்தக் குடுத்திட்டுப் போங்க எண்டு. என்ன செய்யலாம்?

புலமைப்பரிசில் அம்மா:

தங்கச்சி கோவிக்காதீங்க, நேரா சொல்றன். நாலாம் ஆண்டு மகனுக்கு அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை. இப்பவே எல்லாப் பிள்ளையும் சனி ஞாயிறும் கிளாஸ் போகுதுகள், நீங்க எட்டு நாள் எண்டு சொல்றது பள்ளிக்கூடம் மட்டும், கிளாஸையும் சேத்தா எத்தனை? என்ட மகன் ரெண்டு மார்க்கால வெட்டுப்புள்ளிக்குக் கீழ போனவன், அந்த ரெண்டு மார்க் எங்க போச்சு எண்டு நான் இன்னும் தேடுறன். சனி ஞாயிறுல பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போங்க, அதுவும் பயணம்தான்.

வெண்கட்டி:

நான் இருபத்தாறு வருசம் படிப்பிச்சு இப்ப பென்சன்ல இருக்கிறன். மகள், முதல்ல அந்தக் காய்ச்சல் கடிதத்த விடுங்க. நாலாம் ஆண்டுப் பிள்ளை பொய்ய எத்தனை நாள் வச்சிருக்கும் எண்டு நினைக்கிறீங்க? வந்த அண்டைக்கே முதல் பாடத்தில எழும்பி நிண்டு "மிஸ் நான் நுவரெலியாவில குதிரையில ஏறினன்" எண்டு சொல்லும். எனக்கே நடந்திருக்கு. வயித்துவலி எண்டு கடிதம் தந்த பிள்ளை கண்டிப் பெரகராவில பாத்த யானையப் படமா கீறித் தந்தது, நான் என்ன சொல்ல, நல்லாக் கீறி இருந்தது எண்டுதான் சொன்னன்.

உள்ளத உள்ளபடி எழுதுங்க. அதிபருக்கு, வகுப்பாசிரியர் ஊடாக. தகப்பன் வெளிநாட்டில, லீவுத் திகதி கம்பனி குடுத்தது, இந்தத் திகதில இருந்து இந்தத் திகதி வரைக்கும் பிள்ளை வராது, விடுபட்ட வேலைய நாங்க செய்விப்பம். அவ்வளவுதான். கடிதம் குடுத்தாப்போல இடாப்பில வராத நாள் வந்த நாளா மாறாது, ஆனா பிள்ளை ஏன் வரல்ல எண்டு பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், அதுதான் தேவை. 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி எண்டு சட்டம் இருக்கிறது மெய்தான், ஆனா அது பிள்ளைய பள்ளிக்கே விடாம வச்சிருக்கிற ஆக்களப் பிடிக்கிறதுக்கு. ஏ.எல், அதான் உயர்தரம் படிக்கிற பிள்ளை எண்டா நான் வேற கதை சொல்லுவன், அங்க 80 வீத வரவு பாப்பாங்க.

நாள எண்ணாதீங்க, எந்த நாள் எண்டு பாருங்க. எட்டாம் ஆண்டுக்கு நீங்க போற கிழமையில கணிதத்தில புது அலகு துவங்குதா எண்டு கேளுங்க. சமூகப் பாடங்கள வாசிச்சுப் பிடிக்கலாம், அட்சரகணிதத்தில முதல் ரெண்டு நாள் இல்லாட்டி மூண்டாம் நாள் பிள்ளை கரும்பலகையப் பாத்து முழிக்கும். அந்த ரெண்டு நாளும் போறதுதான் நட்டம், எட்டு நாளும் இல்ல. தவணைப் பரீட்சைக்கு முந்தின ரெண்டு கிழமையத் தொடாதீங்க.

மற்றது, போயா நாளப் பாத்துப் போடுங்க. ஜூன்ல பொசன், ஜூலையில எசல, ரெண்டும் லீவு. சனி ஞாயிறோட ஒட்டி வந்தா எட்டு நாள் ஆறாகும், ஐஞ்சும் ஆகும். நோட்ஸ வட்ஸ்அப் குரூப்பில போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு பிறகு பாக்கலாம் எண்டு விடாதீங்க, கையால எழுதவையுங்க.

போற வழியில இங்கினியாகலையில ஒருக்கா வான நிப்பாட்டி சேனநாயக்க சமுத்திரத்தக் காட்டுங்க, அம்பாறை, கல்முனை, அக்கரைப்பற்று வயலுக்கு வாற தண்ணி எங்க இருந்து வருது எண்டு பிள்ளை ஒருக்கா கண்ணால பாக்கட்டும். வரக்குள்ள பொலன்னறுவை இருக்குத்தானே, மகள்ட வரலாற்றுப் புத்தகத்தையும் பையில போடுங்க. பராக்கிரம சமுத்திரம் 12ஆம் நூற்றாண்டு எண்டு பாடமாக்கினது வேற, அந்தக் குளக்கட்டில ஏறி நிண்டு பாக்கிறது வேற.

பாடுமீன்:

சேர் சொல்றது எல்லாம் சரி ஆனா நான் என்ட கதையச் சொல்றன், நான் ஆறாம் ஆண்டு படிக்கக்குள்ள அம்மம்மா என்னைய கதிர்காமப் பாதயாத்திரைக்குக் கூட்டிப் போனா, கேட்டும் பாக்கல்ல கடிதமும் இல்ல, ஒரு நாள் விடிய எழுப்பி ஒரு பையக் கையில தந்து வா எண்டாங்க அவ்வளவுதான், பொத்துவில் பாணமை உகந்தை வரைக்கும் ஒரு மாதிரி போயிட்டம், மறுகா உகந்தை முருகனக் கும்பிட்டுட்டு காட்டுக்க இறங்கினா கூமுனை, யால எண்டு ஐஞ்சாறு நாள் நடை, தண்ணிப் போத்தலத் தலையில வச்சிக்கிட்டு அரோகரா சொல்லிச் சொல்லி, ராவில யானை வந்திரும் எண்டு நெருப்பு மூட்டிக்கிட்டு ஆக்கள் சுத்தி இருந்து பாடுவாங்க நான் அம்மம்மாட மடியில கண்ண மூடிக்கிட்டு படுத்திருப்பன். வந்து பள்ளிக்கூடம் போனா அடிதான் விழுந்தது அது வேற கதை. அந்தத் தவணை கணக்கில 38. அம்மம்மா இப்ப இல்ல, அந்த 38ஐப் பத்தி இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. கூட்டிப் போங்க அக்கா.

புலமைப்பரிசில் அம்மா:

தம்பி உங்களுக்கு 38 எடுத்தும் வேலை கிடைச்சிட்டு, எல்லாருக்கும் அப்பிடி நடக்காது.

பாடுமீன்:

ஆர் சொன்ன வேலை கிடைச்ச எண்டு 😂

லண்டன் மச்சாள்:

நான் ஆரையம்பதி, இப்ப லண்டன்ல. நீங்க டீச்சர் ஒரு மாதிரிப் பாத்ததுக்கே வெக்கப்படுறீங்க, இஞ்ச காசு கட்ட வேணும் தெரியுமா? இங்கிலாந்தில தவணைக்க பயணம் போறதுக்கு அதிபர் லீவு குடுக்க மாட்டார், 2013ல இருந்து மிக விசேசமான காரணம் இருந்தாத்தான், லீவுக்குப் போறது அந்தக் கணக்கில வராது. பத்துப் பள்ளிக் கிழமைக்குள்ள ஐஞ்சு நாள் அனுமதி இல்லாமப் போனா அபராதக் கடிதம் வரலாம். 2024 ஆகஸ்டில இருந்து ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்ட்ஸ், 21 நாளுக்குள்ள கட்டாட்டி 160. கவனமா வாசிங்க, ஒரு பெற்றோருக்கு! அப்ப எங்கள மாதிரி தாய் தகப்பன் ரெண்டு பேர், பிள்ளை ரெண்டு எண்டா 320. மூண்டு வருசத்துக்குள்ள ரெண்டாந் தரம் பிடிபட்டா நேரடியா 160தான், குறைச்சுக் கட்டுற சலுகை இல்ல, மூண்டாந் தரம் கோட்டுக்கே போகலாம். 2017ல ஒரு தகப்பன் மகள புளோரிடாவுக்குக் கூட்டிப் போனதுக்கு இஞ்ச உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்தவர். ஸ்கொட்லாந்தில இந்தக் காசு இல்ல, என்ட தம்பி அங்க இருக்கிறான், அவனுக்கு விளங்கவே விளங்காது நான் ஏன் கத்துறன் எண்டு.

எங்கட பிரச்சினை மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழா. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வர ஆசை, ஆனா அமாவாசை ஒரு வருசம் ஜூலையில வரும் ஒரு வருசம் ஆகஸ்டில வரும், இஞ்ச பள்ளிக்கூடம் விடுறது ஜூலை மூண்டாம் நாலாம் கிழமையில. ஆகஸ்டில வந்தா பத்து நாள் திருவிழாவும் பாக்கலாம் ஆனா டிக்கெட் விலை கண்ண முட்டும், ஜூலையில வந்தா டிக்கெட் மலிவு ஆனா அபராதம். கன சனம் டிக்கெட்ல மிச்சம் பிடிக்கிற காசில அபராதத்தக் கட்டிட்டுப் போகுதுகள், அதுதான் உண்மை. உங்களுக்கு ஒரு கடிதத்தோட முடியுது, சந்தோசமாப் போயிட்டு வாங்க.

சம்மாந்துறை உம்மா:

எங்கட பாடு இன்னொரு மாதிரி. எங்கட ஸ்கூலுக்கு நோன்புக்கு லீவு குடுக்கிற, தமிழ் ஸ்கூலுக்கு அந்த லீவு இல்ல. சொல்லக்குள்ள நல்லாத்தான் இரிக்கி, ஆனா நோன்போட எங்க கா போற, சஹருக்கு எழும்பி ராவு தராவீஹ் முடிஞ்சு படுக்கவே நேரம் சரி. அதால எங்கட பயணம் எல்லாம் தவணைக்குள்ளதான் விழும். போன வருசத்துக்கு முந்தின வருசம் வாப்பாவோட மூத்தவனையும் உம்றாவுக்குக் கூட்டிப் போனம், பதினாலு நாள். அதிபர் நல்ல மனிசன், துஆ செய்யச் சொல்லி அனுப்பினார்.

நான் விட்ட பிழை ஒண்டு சொல்றன், நீங்க விடாதீங்க. வந்து இறங்கினது ராவு, அடுத்த நாள் ஸ்கூல், அதுக்கு அடுத்த நாள் தவணைப் பரீட்சை. புள்ள பரீட்சைத் தாள்ல தலைய வச்சுத் தூங்கிட்டான். போற நாளக் கணக்குப் பாக்கிற மாதிரி வந்து இளைப்பாற ரெண்டு நாளையும் கணக்கில வைங்க. வான்ல நுவரெலியாக் குளிருக்குப் போய் வந்தா சின்னவனுக்கு சளி பிடிக்கும், அப்ப மாமி சொன்ன காய்ச்சல் கடிதம் உண்மையாவே தேவைப்படும்.

எட்டாம் வாய்க்கால்:

2022ல பெற்றோல் இல்ல எண்டு பள்ளிக்கூடம் பூட்டினாங்க, அதுக்கு முதல் கொரோனாவுக்கு மாசக்கணக்கில பூட்டினாங்க, நவம்பர் டிசம்பர் மழைக்கு வெள்ளம் வந்தா பள்ளிக்கூடத்துக்குள்ள சனம்தான் இருக்கும். அதெல்லாம் போன நாள் இல்லையா? தகப்பனோட போற எட்டு நாள்தானா எல்லாற்ற கண்ணையும் குத்துது?

வெண்கட்டி:

தம்பி, கொரோனாவுக்குப் பிறகு ஐஞ்சாம் ஆண்டுப் பிள்ளைகள் வகுத்தல் தெரியாம வந்து நிண்டத நான் பாத்தனான். போன நாள் போன நாள்தான், அதக் காட்டி இதையும் விடலாம் எண்டு சொல்லாதீங்க. இவங்களுக்கு நான் போங்க எண்டு சொன்னது வேற காரணத்துக்கு.

கல்லாற்றுக்காரி:

ஏப்ரல்ல நுவரெலியா போகாதது நல்லது, அது அங்க சீசன், ரூம் விலை கேட்டா தலை சுத்தும், ரோட்டில வான் நகராது. ஜூன்ல மழையும் காத்தும் இருக்கும், சுவெட்டர் மறக்காதீங்க.

அக்கா எல்லாரும் டீச்சர், மாமி, கம்பனி எண்டு கதைக்கிறம். மகள்ட கேட்டீங்களா?

களுவாஞ்சிகுடி அம்மா:

ரெண்டு நாளா வரக் கிடைக்கல்ல, எல்லாருக்கும் நன்றி. கல்லாற்று அக்கா கேட்டத வாசிச்சிட்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிட்டு, உண்மையா நான் கேக்கல்ல. நேத்து ராவு சாப்பிடக்குள்ள கேட்டன். மகள் கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லாம சோத்தப் பிசைஞ்சிக்கிட்டு இருந்திட்டு, மறுகா சொல்றா, தமிழ்மொழித் தினப் போட்டி குழு நடனத்தில வலய மட்டத்துக்குத் தெரிவாகி இருக்காவாம், போட்டி நாங்க போற கிழமையில வருமாம், தான் இல்லாட்டி மற்றப் பிள்ளைகளும் ஆட ஏலாதாம். அப்பா ஆசையா பிளான் போட்டதால சொல்லப் பயந்து இருந்திருக்கா. எனக்குத் தொண்டை அடைச்சிட்டு.

இவருக்கு போன்ல சொன்னன். கோவப்படுவார் எண்டு நினைச்சன், "எந்த நாள் போட்டி, நான் பாக்க வரலாமா" எண்டு கேட்டார். அவர் மகள் மேடையில ஆடி ஒரு நாளும் பாத்ததில்ல, வீடியோவிலதான்.

இப்ப முடிவு இதுதான். போட்டி முடிஞ்ச அடுத்த நாள் வெளிக்கிடுறம், அது போயாவோட ஒட்டி வருது, ஐஞ்சு பள்ளிக்கூட நாள்தான் போகும். கண்டிய விட்டாச்சு, கதிர்காமமும் நுவரெலியாவும் வரக்குள்ள பொலன்னறுவையும். கடிதம் நானே எழுதி அதிபர்ட கையில குடுத்தன், வாசிச்சிட்டு "தகப்பன் வந்தா ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கும் வரச் சொல்லுங்க" எண்டார். வகுப்பு டீச்சர் இன்னும் ஒரு மாதிரித்தான் பாக்கிறாங்க. கணிதத்தில அந்தக் கிழமை புது அலகு துவங்குதாம், சேர், அதுக்கு என்ன செய்யலாம்?

வெண்கட்டி:

அலகின்ட பேரப் போடுங்க மகள். வெளிக்கிட முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைய போன்ல எடுத்து முதல் ரெண்டு பாடத்த நான் சொல்லிக் குடுக்கிறன். காசு ஒண்டும் வேணாம், வரக்குள்ள வெலிமடைப் பக்கம் நல்ல உருளைக்கிழங்கு கண்டா ரெண்டு கிலோ.