கார்ட்லெஸ் ஹேமர் டிரில்: 18 வோல்ட்டா, 40 வோல்ட்டா?

வணக்கம் நண்பர்களே. வயரிங் வேலைக்கு கார்ட்லெஸ் ஹேமர் டிரில் வாங்க வேண்டும். கையில் மக்கிட்டா 18 வோல்ட் பேட்டரிகள் இருக்கின்றன. அவை அதே கம்பெனியின் 40 வோல்ட் எக்ஸ்ஜிடி (XGT) வரிசை மெஷினில் பொருந்தாது, எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். செலவு அங்கேதான் இடிக்கிறது.

இன்னொரு பக்கம், போஷ் 18 வோல்ட்டிலேயே டேப்லெஸ் செல் பேட்டரி (மின்சாரம் ஒரு சின்னத் தகடு வழியாக இல்லாமல், மின்முனையின் முழு விளிம்பு வழியாகவும் போகும் செல்) கொண்டுவந்திருக்கிறது. உள் மின்தடை குறைவு, அதனால் சூடும் குறையும் என்பது சரி. ஆனால் மே மாத வெயிலில், கான்கிரீட் சீலிங்கில் 12 மி.மீ. பிட் போட்டு வரிசையாகத் துளை போட்டால் நிற்காமல் ஓடுமா? அண்ணாந்து பிடிக்க எடை எப்படி?

சைட்டில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், மதுரைப் பக்கம் சர்வீஸ் எதற்கு நன்றாகக் கிடைக்கிறது? இந்த மாதமே வாங்கியாக வேண்டும்.