கோவையில் குளத்துக்காக ஒரு ஊர்வலம் போக வேண்டும், அனுமதி எப்படி வாங்குவது?

குளக்கரைவாசி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் ஏரியா குளத்தில் சாக்கடை கலப்பதைப் பற்றி மாநகராட்சிக்கு மனு மேல் மனு கொடுத்துப் பார்த்துவிட்டோம். ஆகாயத்தாமரை கரை வரைக்கும் மூடிக் கிடக்கிறது, சாயங்காலம் ஆனால் நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அதனால் குடியிருப்போர் சங்கம், கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சிலர் எல்லாம் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையார் கோவிலில் இருந்து குளக்கரை வரை பதாகை பிடித்து நடந்து போய், அங்கே அரை மணி நேரம் பேசிவிட்டுக் கலைந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 200 பேர் வருவார்கள். கட்சி எதுவும் இதில் கிடையாது.

ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "ஊர்வலமெல்லாம் இப்ப தர்றதில்லைங்க, வேணும்னா சிவானந்தா காலனியில நின்னு ஆர்ப்பாட்டம் பண்ணிக்கோங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். குளத்துக்காகப் பேச வேண்டியதைக் குளமே தெரியாத இடத்தில் நின்று பேசி என்ன ஆகப் போகிறது?

ரோட்டோரமாக நடந்து போவதற்குக் கூட அனுமதி வேண்டுமா? வேண்டும் என்றால் யாரிடம், எத்தனை நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், பணம் ஏதாவது கட்ட வேண்டுமா? மைக் வைக்கலாமா? கரூரில் நடந்ததற்குப் பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்று ஒருத்தர் சொன்னார், அது நிஜமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சூலூர் அக்கா:

தம்பி, முதல் விஷயம், ஸ்டேஷனில் வாயால் சொன்னதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இன்னும் எழுதியே கொடுக்கவில்லை, அவர்களும் எதையும் எழுதி மறுக்கவில்லை. இப்போதுதான் வேலையே ஆரம்பம்.

மனுவை மாநகரக் காவல் ஆணையர் பெயருக்கு எழுதி, உங்கள் சரக உதவி ஆணையருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நகல் போடுங்கள். எப்படியும் மேலே கொடுத்தது கீழே இன்ஸ்பெக்டரிடம் அறிக்கைக்கு வரும், அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு. அதனால் அவரைப் பகைத்துக்கொள்ளாமல் பேசுங்கள். 5 நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாகக் கேட்பது, ஆனால் நீங்கள் 15 நாளுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கொடுத்தால் "பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை" என்று முந்தின நாள் ராத்திரி சொல்வார்கள், அப்போது உங்களால் எங்கேயும் போக முடியாது.

மனுவில் என்ன இருக்க வேண்டும் என்றால், தேதி, கிளம்பும் நேரம், கலையும் நேரம், எத்தனை பேர், எந்தெந்தத் தெரு, பொறுப்பாளர்கள் மூன்று பேரின் பெயரும் செல் நம்பரும், வண்டி ஏதாவது வருகிறதா, மைக் உண்டா, தன்னார்வலர்கள் எத்தனை பேர். கூடவே ஒரு ஏ4 தாளில் கையால் வழி வரைந்து வையுங்கள். எந்த டீக்கடை முனையில் திரும்புகிறீர்கள், டவுன் பஸ் எங்கே வளையும், ஆம்புலன்ஸ் வந்தால் எந்தச் சந்து வழியாக விடுவீர்கள், எல்லாம் அதில் தெரிய வேண்டும். நான் பார்த்தவரை அந்த ஒரு தாள்தான் இன்ஸ்பெக்டரின் முகத்தை மாற்றும். இவர்கள் யோசித்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

உங்கள் நகலில் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வாங்காமல் வெளியே வராதீர்கள். போட மறுத்தால் சண்டை வேண்டாம், நேராகத் தபால் ஆபீஸ் போய், பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்த்ததற்கான சான்றும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மைக்குக்கு மனுவிலேயே தனியாக ஒரு வரி எழுதுங்கள். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், சின்ன பாக்ஸ் போதும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு, அது சத்தமாகப் பேசினாலே தாண்டிவிடும் அளவு. அதனால் நடக்கும்போது மைக் வேண்டாம், குளக்கரையில் பேசும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வருவதாக இருந்தால் பெற்றோரோடு வரட்டும், பள்ளிக்கூடத்தின் பெயரை இழுக்காதீர்கள்.

ஈரோடு வக்கீல்:

அக்கா சொன்ன நடைமுறை சரி. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் ஸ்டேஷனில் நிமிர்ந்து பேச முடியும்.

ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19(1)(b) தரும் உரிமை. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று 19(3) சொல்கிறது. அதாவது போலீஸ் முறைப்படுத்தலாம், நேரத்தை மாற்றச் சொல்லலாம், வழியை மாற்றச் சொல்லலாம். ஒட்டுமொத்தமாக "ஊர்வலமே கிடையாது" என்று சொல்வது வேறு விஷயம். அகமதாபாத் போலீஸ் கமிஷனர் மீதான ஹிம்மத்லால் வழக்கில், எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்றே சொல்லாமல் அதிகாரிக்கு முழு அதிகாரம் கொடுத்த விதியை உச்ச நீதிமன்றம் 1972லேயே ரத்து செய்துவிட்டது.

கோவை மாநகருக்குள் பொருந்துவது 1888ஆம் ஆண்டு சென்னை மாநகரக் காவல் சட்டம், பிரிவு 41, கூட்டத்தையும் ஊர்வலத்தையும் ஆணையர் முறைப்படுத்தும் பிரிவு. அதை 1987ல் கோவைக்கும் மதுரைக்கும் நீட்டித்தார்கள், சேலமும் திருப்பூரும் பின்னால் சேர்ந்தன. ஆணையர் தடை போட்டாலும் அரசின் ஒப்புதல் இல்லாமல் அது 15 நாளுக்கு மேல் செல்லாது. மாநகர எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் பக்கம் என்றால் 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டம், பிரிவு 30. பேப்பரில் "30(2) அமல்" என்று வருகிறதே, அதுதான். ஊரடங்கு போட்டுவிட்டார்கள் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை, கூட்டமோ ஊர்வலமோ நடத்துகிறவர்கள் முன்கூட்டியே உரிமம் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பிரிவிலேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறது: விண்ணப்பத்துக்கும் சரி, உரிமத்துக்கும் சரி, கட்டணம் வாங்கக் கூடாது. அந்த உத்தரவை மீறினால் பிரிவு 32ன்படி அபராதம் 200 ரூபாய் வரை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, அதாவது தடை உத்தரவு, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 163. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அந்த உத்தரவை எழுத்தில், காரணத்தோடு போட வேண்டும். நியாயமான கருத்தை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020ல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நம் பக்கத்து வழக்கு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் போலீஸ், போராட்டம் நடத்தியவர்கள் மேல் பதிந்த வழக்கில் இருந்து கிளம்பியது ஜீவானந்தம் வழக்கு. 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்கு, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 188க்கு, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இன்று 188க்கு பதில் பாரதிய நியாய சன்ஹிதாவில் 223. இதைச் சொல்வதால் அனுமதி இல்லாமல் போங்கள் என்று அர்த்தம் இல்லை. அனுமதி கேட்டுப் போகிறவரை யாராவது கேஸ் போடுவோம் என்று மிரட்டினால் நிதானமாக நிற்கலாம், அவ்வளவுதான்.

எழுத்தில் மறுத்தாலோ, பதிலே வராமல் இழுத்தாலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் எல்லாம் சென்னை உயர் நீதிமன்றம், கரூர் மட்டும் மதுரைக் கிளை. நீதிபதி முதலில் கேட்பது, "எப்போது விண்ணப்பித்தீர்கள்?" என்பதுதான். அக்கா சொன்ன சீலும் தேதியும் அங்கேதான் பேசும்.

ஒன்றரை ஷிப்டு:

திருப்பூரில் இருந்து எழுதுகிறேன், பனியன் கம்பெனி சங்கத்தில் இருக்கிறேன். எங்கள் ஊரில் ஊர்வலம் என்றாலே 1932 ஜனவரி 10தான் எல்லாருக்கும் மனதில் வரும். தடையை மீறிக் கொடியோடு போன ஊர்வலத்தில்தான் குமரனை அடித்தார்கள், மறுநாள் உயிர் போய்விட்டது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஊர்வலத்துக்கு இடமில்லை என்று கேட்கும்போது எனக்கு வலிக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஞாயிறு காலை என்று தேர்ந்தெடுத்தது நல்லது. இங்கே சனிக்கிழமை சம்பள நாள், சாயங்காலம் ரோட்டில் கால் வைக்க முடியாது, அன்றைக்கு யார் கேட்டாலும் கிடைக்காது. மனு கொடுத்த பிறகு இன்ஸ்பெக்டரிடம், "ஒரு தடவை எங்களோடு வழியை நடந்து பார்த்துவிடுங்கள் சார்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு அப்படி வந்த அதிகாரி, நாற்சந்தியில் பஸ் வளையும் இடத்தில் கூட்டம் மாட்டிக்கொள்ளும் என்று காட்டி, ஒரு தெரு முன்னாலேயே திருப்பிவிட்டார். எங்களுக்கும் அது நல்லதாகத்தான் போயிற்று. வரிசைக்கு மூன்று பேர், ரோட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். கயிறு இருந்தால் கூட்டம் தானாக ரோட்டுக்குள் பரவாது. கடைசியில் இரண்டு பேர் சாக்குப்பையோடு வந்து தண்ணீர் பாட்டில், காகிதம் எல்லாம் பொறுக்கட்டும். குளத்துக்காக நடக்கிறீர்கள், குப்பை போட்டுவிட்டுப் போனால் பேச்சே போய்விடும்.

கடைவீதிக்காரன்:

குளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லைங்க. ஆனால் ரோட்டில் கடை வைத்திருக்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள். போன வருஷம் ஒரு பேரணியில் என் கடைக்கு முன்னால் ஆம்புலன்ஸ் சைரன் போட்டபடி நின்றது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் ஒதுங்க இடமில்லை, அவ்வளவு நெருக்கம். உள்ளே இருந்த அம்மா கதவைத் திறந்து கையெடுத்துக் கும்பிட்டதை மறக்க முடியவில்லை. உரிமை உரிமை என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், அந்த அம்மாவுக்கும் ரோட்டில் உரிமை இருக்கிறது இல்லையா? போலீஸ் ஒரு இடத்தைக் காட்டி அங்கே நில்லுங்கள் என்று சொல்வதில் என்ன தப்பு?

ஈரோடு வக்கீல்:

அண்ணா, நீங்கள் சொல்வது முக்கியமான விஷயம். டெல்லி ஷாகீன் பாக் போராட்ட வழக்கில் 2020ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது, பொது வழியைக் காலவரையில்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார முடியாது, போராட்டத்துக்கு ஒதுக்கிய இடங்களில் நடத்த வேண்டும் என்று. ஆனால் அது மாதக் கணக்கில் ரோட்டில் உட்கார்ந்ததைப் பற்றியது. ஒரு மணி நேரம் ரோட்டோரமாக நடந்து கலைகிற 200 பேருக்கு அதே அளவுகோலைப் போட முடியாது. மாசியில் கோனியம்மன் தேருக்கு, விநாயகர் சதுர்த்திக்கு, மே தினத்துக்கு இதே கோவையில் போக்குவரத்தை மாற்றிவிடுகிறார்கள், முடிகிறது. ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதை நிபந்தனையாகவே எழுதச் சொல்லுங்கள், அதை மீறினால் அடுத்த முறை மறுக்கட்டும்.

கரூர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 27 அன்று அங்கே வேலுச்சாமிபுரத்தில், விஜய் கட்சிப் பிரச்சாரக் கூட்ட நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேர் இறந்தார்கள். 10,000 பேர் என்று எதிர்பார்த்த இடத்துக்கு 27,000 பேர் வந்ததாகக் காவல்துறை சொன்னது. வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருந்த கூட்டம் அது. அதற்குப் பிறகு பெரிய அரசியல் கூட்டங்களுக்கும் ரோடு ஷோவுக்கும் வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, சரியான விஷயம்தான். அந்தக் குழந்தைகளை நினைத்தால் எந்தக் கட்டுப்பாடும் அதிகம் இல்லை. ஆனால் அதைக் காட்டி ஒரு குடியிருப்போர் சங்கத்தின் நடையை நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது எண்ணிக்கைதான். 200 என்று எழுதினால் 200தான் வர வேண்டும். வாட்ஸப்பில் பொதுவாகப் பரப்பி 600 பேர் வந்துவிட்டால் பொறுப்பு உங்கள் மூன்று பேர் தலையில்.

குளக்கரைவாசி:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைவீதி அண்ணா சொன்னது மனதில் நிற்கிறது. எங்கள் வழியிலும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அதனால் வழியை மாற்றிப் பின்தெரு வழியாகப் போகலாம் என்று இப்போதே குரூப்பில் பேசிவிட்டேன். கொஞ்சம் சுற்றுதான், பரவாயில்லை. நாளைக்குக் காலையில் மனு எழுதப் போகிறோம். ஒரே சந்தேகம், குளக்கரையில் பேசுவதற்கு மாநகராட்சியிடமும் கேட்க வேண்டுமா? கொடிக்கம்பம், பேனர் ஏதாவது வைக்கலாமா?

சூலூர் அக்கா:

கரை மாநகராட்சி பராமரிப்பில் இருந்தால் மண்டல உதவி ஆணையருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள் தம்பி, போலீஸ் மனுவோடு அதன் நகலையும் இணைத்துவிடுங்கள். ரோட்டில் பேனர், வளைவு, கம்பம் எதுவுமே வேண்டாம். 2017ல் அவிநாசி ரோட்டில் அலங்கார வளைவு இருந்த இடத்தில் ஒரு இளைஞன் இறந்துபோனதை இந்த ஊர் மறக்கவில்லை. கையில் பிடிக்கிற அட்டை போதும், அதில் எழுதுவதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சாக்கடை எந்த இடத்தில் குளத்தில் விழுகிறதோ அந்த இடத்தைப் போட்டோ எடுத்து ஒரு அட்டையில் ஒட்டுங்கள், பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் எடுப்பார்கள். அனுமதி கையில் வந்ததும் நிபந்தனைகளை எல்லாம் குரூப்பில் போட்டு, அவற்றைப் படித்துப் பார்த்தவர்கள் மட்டும் வரச் சொல்லுங்கள். மூல அனுமதியை வீட்டில் வைத்துவிட்டு நகலைப் பொறுப்பாளர்கள் மூன்று பேரும் சட்டைப்பையில் வைத்திருங்கள், வழியில் ரோந்துக்காரர் நிறுத்திக் கேட்டால் காட்ட.