16 வயது மகளைத் தனியாகப் பெர்த்துக்கு அனுப்பலாமா?

செங்காங் தாய்:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் சாதாரண நிலைத் தேர்வை (ஓ லெவல்) எழுதி முடித்துவிட்டாள். டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் தன் சித்தி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கிவர விரும்புகிறாள். அதுவும் தனியாகப் போகவேண்டும் என்கிறாள். என் கணவர் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஐந்து மணி நேரப் பயணம், அங்கும் இங்கும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டும், வாசலில் என் தங்கை காத்திருப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் விமானத்திலிருந்து இறங்குவதற்கும் தங்கையின் கையைப் பிடிப்பதற்கும் நடுவே குடிநுழைவும் சுங்கமும் இருக்கின்றன. அந்த இடைவெளியில் யாரும் அவளுக்குத் துணை நிற்க முடியாது. பிள்ளைகளை இப்படி அனுப்பியவர்களும் அனுப்ப மறுத்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிடோக் வாசி:
அனுப்பாதீர்கள், சகோதரி. 18 வயது நிரம்பட்டும். நான் அச்சத்தில் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். என் மகனை 15 வயதில் அவன் தாத்தா வீட்டுக்குத் தமிழ்நாட்டுக்குத் தனியாக அனுப்பினோம். புறப்படும் அன்று பாட்டி ஆசையாக அவன் கழுத்தில் நான்கு பவுன் சங்கிலியைப் போட்டுவிட்டார். நான்கு பவுன் என்றால் 32 கிராம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு இந்தியா செல்லும் ஆண் ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுசெல்லக்கூடிய நகை 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். இது எனக்கே அப்போது தெரியாது. அவனுக்கு எப்படித் தெரியும்? அறிவிக்க ஒன்றுமில்லை என்ற பச்சைப் பாதையில் நடந்தவனை நிறுத்திவிட்டார்கள். அதிகாரிகள் முறைப்படிதான் நடந்துகொண்டார்கள். ஆனால் "சங்கிலி யாருடையது, எவ்வளவு எடை, யார் கொடுத்தது" என்று கேட்டபோது அவன் அழுதுவிட்டான். அவன் தாத்தா வெளியே இரண்டு மணி நேரம் நின்றார். பெரியவர் ஒருவர் உடன் இருந்திருந்தால் அது பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பிள்ளையின் அறிவைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. சட்டத்தின் முன் தனியாக நின்று விளக்கம் சொல்லும் சுமையை 15, 16 வயதில் ஏற்றக்கூடாது என்பதே என் கருத்து.

ஈசூன் வாசகி:
ஐயா, உங்கள் மகன் பட்ட வேதனை புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன நிகழ்ச்சியே உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தவறியது அந்தப் பையனின் வயதா? அவனுடைய உடைமையை அவனுக்குத் தெரியாமல் பெரியவர்கள் முடிவுசெய்ததுதான் தவறு. என் இரண்டு பிள்ளைகளும் 15 வயதிலிருந்து தனியாகப் பயணம் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: பயணம் செய்பவர்தான் பையை அடுக்கவேண்டும், நாங்கள் கொடுக்கும் பொருளையும் அவர்கள் கையால்தான் உள்ளே வைக்கவேண்டும்.

சகோதரி, பெர்த் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் இறங்கும் ஒவ்வொருவரும் வருகை அட்டையில் இறைச்சி, மீன், பால் பொருள், பழம், விதை, இலை, மரப்பொருள் எதுவும் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும். தங்கைக்கு என்று நாம் பாசத்தோடு எதைக் கொடுத்தனுப்புவோம்? நெய், கருவாடு, வடகம், தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலை. இவற்றில் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அந்த நோய் தங்கள் நாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்றுதான் அவர்கள் ஒரு கொத்து இலையைக்கூட விடுவதில்லை. காரணம் தெரிந்த பிள்ளை அதை எடுத்துச் செல்லாது. தெரியாமல் இருந்துவிட்டாலும் "ஆம்" என்று குறித்துவிட்டால் போதும். பொருளை வாங்கிக்கொள்வார்களே தவிர அபராதம் விதிக்கமாட்டார்கள். "இல்லை" என்று குறித்தபின் பையில் அகப்பட்டால்தான் தொல்லை. மோப்ப நாய் பையருகே வந்து உட்காரும்போது, "அம்மா வைத்தது, எனக்குத் தெரியாது" என்ற பதிலுக்கு அங்கே மதிப்பில்லை.

பிடோக் வாசி:
பை விதி நல்ல விதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பைக்குள் அடக்கிவிட முடியாது. விமானம் இரவில் ரத்தானால் என்ன செய்வீர்கள்? பல விடுதிகள் 18 வயது நிரம்பாதவரைத் தனியாகத் தங்க அனுமதிப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் குடிநுழைவு அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லர். ஆறு வயதிலிருந்தே தானியங்கித் தடத்தில் போகிறார்கள். 2024 முதல் சாங்கி விமான நிலையத்தில் கடப்பிதழை (பாஸ்போர்ட்) காட்டவேண்டிய தேவைகூட இல்லை. முகத்தையும் கருவிழியையும் பார்த்துக் கதவு திறந்துவிடுகிறது. மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் குடும்பத்தோடு காருக்குள் அமர்ந்தபடியே கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடந்துவிடுகிறோம். இப்படி வளர்ந்த பிள்ளையிடம் வேற்று நாட்டு அதிகாரி ஒருவர், "யார் வீட்டுக்குப் போகிறாய், எத்தனை நாள், செலவுக்கு யார் பணம் தருகிறார்" என்று அடுக்கடுக்காகக் கேட்டால் நா எழுமா?

புக்கிட் பாத்தோக் இளைஞன்:
இங்கே பெரியவர்கள் மட்டுமே பேசுகிறீர்கள் என்பதால், அப்படிப் போன பிள்ளை என்ற முறையில் நானும் சொல்கிறேன். உயர்நிலை 4 விடுமுறையில் லண்டனில் இருக்கும் என் மாமா வீட்டுக்குத் தனியாகப் போனேன். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் அங்கே தானியங்கி வாயிலைப் பயன்படுத்தலாம் என்று படித்திருந்தேன். ஆனால் 18 வயதுக்குட்பட்டவர் பெரியவர் ஒருவருடன் வந்தால்தான் அதில் போகமுடியும் என்பதை நான் கவனிக்கவில்லை. வாயிலிலிருந்து திருப்பி, அதிகாரிகள் அமர்ந்திருந்த வரிசைக்கு அனுப்பினார்கள். பிடோக் ஐயா சொன்னது சரிதான், எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மாமாவின் முகவரியைக் கேட்டார்கள். அது கைப்பேசியில் இருந்தது, கைப்பேசியோ இணையம் இல்லாமல் திறக்க மறுத்தது. அப்போது என்னைக் காப்பாற்றியது அம்மா ஆங்கிலத்தில் எழுதி, அப்பாவும் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். எங்கள் சம்மதத்தோடு வருகிறான், இந்த நாள் திரும்புவான், இன்னார் வீட்டில் தங்குவான், எங்கள் எண் இது என்று அதில் இருந்தது. அதிகாரி படித்துவிட்டு மாமாவை அழைத்துப் பேசி என்னை உள்ளே அனுமதித்தார். கடிதத்தைத் தாளில் கொடுத்து அனுப்புங்கள், அக்கா. பிறப்புச் சான்றிதழின் நகலும், சித்தி எழுதிய அழைப்பும் அதோடு இருக்கட்டும்.

அடுத்த முறை போனபோது எனக்குத் தொண்டை வறளவில்லை. 18 வயதுவரை காத்திருந்தால் அந்த முதல் முறை 18 வயதில் வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஈசூன் வாசகி:
தம்பி சொன்னதோடு திரும்பி வரும் வழியையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இங்கே விமானத்தில் வந்திறங்குவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். குடிமக்களுக்கும் இது உண்டு, கட்டணம் கிடையாது. 48 மணி நேரத்துக்குமேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான பொருள்களுக்குப் பொருள் சேவை வரி இல்லை. அதைத் தாண்டினால் மிகுதிக்கு 9 விழுக்காடு வரி உண்டு. அண்டை வீட்டார் கைப்பை ஒன்று வாங்கிவரச் சொன்னால் அதுவும் உங்கள் மகளின் கணக்கில்தான் சேரும். அங்கே போகும்போதும் பரிசுப் பொருள்களை எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்கு 900 ஆஸ்திரேலிய டாலர் வரை தீர்வை இல்லை, 18 வயதுக்குட்பட்டோருக்கு 450 டாலர்தான்.

பொருள் யாருடையது என்று தெரியாத எதையும் தொடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பெர்த்தில் தோழி ஒருத்தி விளையாட்டாக நீட்டும் மின்சிகரெட் பைக்குள் கிடந்தாலும் சாங்கியில் அது குற்றம்தான். 2025 செப்டம்பர் முதல், 18 வயதுக்குட்பட்டவருக்கே முதல் முறை 500 வெள்ளி அபராதம்.

பிடோக் வாசி:
இத்தனையும் தெரிந்த பிள்ளையை அனுப்பலாம் என்றால், தெரியாத பிள்ளையை அனுப்பக்கூடாது என்றுதானே பொருள்? நான் என் கருத்தில் நிற்கிறேன். ஆனால் 18 என்று எண்ணைச் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். சகோதரி, அந்த ஆஸ்திரேலிய வருகை அட்டையின் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, உங்கள் துணையின்றி மகளையே நிரப்பச் சொல்லுங்கள். உங்கள் கணவர் அதிகாரியாக எதிரே அமர்ந்து அவளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்கட்டும். தடுமாறினால் இந்த ஆண்டு நீங்களும் உடன் போய்வாருங்கள். தடுமாறாவிட்டாலும் இரவு விமானமும், இடையில் மாறும் விமானமும் வேண்டவே வேண்டாம்.

செங்காங் தாய்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பிடோக் ஐயா சொன்னபடி செய்து பார்த்தோம். என் கணவரின் கேள்விகளுக்கு அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். சித்தியின் தெருப் பெயரில் மட்டும் தயங்கினாள், அதை எழுதிக்கொண்டாள். பிறகு, நான் இரண்டு நாளாக அடுக்கி வைத்திருந்த பையை அவளே கூடத்தில் கொட்டினாள். நெய்ப் புட்டியையும், செய்தித்தாளில் சுற்றியிருந்த கறிவேப்பிலையையும் என் கையில் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் "இது என்ன, யாருக்கு" என்று கேட்டபிறகுதான் உள்ளே வைத்தாள். என்னாலேயே பதில் சொல்ல முடியாத ஒரு பொட்டலமும் இருந்தது. அண்டை வீட்டார் என் தங்கையிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தது, நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. அதை இன்று காலை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

நேரடி விமானத்தில் காலைப் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறோம். கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டுவிட்டோம். ஈசூன் சகோதரி, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளை அட்டையில் எந்தக் கேள்விக்குக் கீழே குறிக்கவேண்டும் என்று மகள் கேட்கிறாள். அல்லது அதையும் வெளியே எடுத்துவிடட்டுமா?

ஈசூன் வாசகி:
எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் தங்கை அங்கேயே மிளகாய்த்தூள் வாங்கிக்கொள்வார்.