உப்பு லோடு லாரி: செக் லைட் எரிகிறது, இழுவை இல்லை, உதவி தேவை

வாலிநோக்கம் லோடு:
உப்பு மூட்டை ஏற்றி மதுரைக்குப் புறப்பட வேண்டிய லாரி, ஸ்டார்ட் ஆனதிலிருந்து குலுங்கி ஓடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. ஸ்கேனரில் 157, 102 என்று கோளாறு எண்கள் வருகின்றன. இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. அடுத்து எதை மாற்ற வேண்டும்? அவசரம்.

கீழக்கரை பம்ப் கடை:
எந்த லாரி, புகைக் கட்டுப்பாட்டில் பிஎஸ் 4-ஆ பிஎஸ் 6-ஆ என்று எழுதவில்லையே, தம்பி. இருந்தாலும் 157 என்றால் ரெயில் பிரஷர்தான். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும். வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து வடித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஹை பிரஷர் பம்பைக் கழற்ற வேண்டியதுதான்.

பழைய ஸ்பேனர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் பதில் எழுதுவது? கோளாறு எதில் என்று சொல்லும் எஸ்பிஎன் எண்ணை மட்டும் கொடுத்து, அது என்ன வகை என்று சொல்லும் எஃப்எம்ஐ எண்ணை விடுவது, ஊரைச் சொல்லிவிட்டுத் தெருவைச் சொல்லாததற்குச் சமம். கேட்பதற்கு முன் ஸ்கேனரின் திரையை முழுவதும் படித்துப் பழகுங்கள்.

வாலிநோக்கம் லோடு:
பிஎஸ் 4, ஆறு சிலிண்டர். இரண்டு எண்களுக்கும் எஃப்எம்ஐ 4 என்றே காட்டுகிறது.

உச்சிப்புளி வயரிங்:
அதை முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு சென்சாரின் விலை மிஞ்சியிருக்கும். எஃப்எம்ஐ 4 அழுத்தக் குறைவைக் குறிப்பதில்லை. சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜ் இயல்புக்குக் கீழே விழுந்துவிட்டதைக் குறிக்கிறது. ரெயிலில் உண்மையிலேயே அழுத்தம் குறைந்திருந்தால் 1 அல்லது 18 வந்திருக்கும் என்பதால், பம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம், கீழக்கரை காக்கா.

102 என்பது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார். பல எஞ்சின்களில் இந்த இரண்டு சென்சார்களுக்கும் எஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம்மிலிருந்து 5 வோல்ட் சப்ளை ஒரே இணைப்பில்தான் போகிறது. அந்த வயர் எங்காவது எர்த்தில் பட்டாலோ, இரண்டில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலோ, நன்றாக இருக்கும் மற்றதும் சேர்ந்து தவறான அளவைக் காட்டும். இசிஎம் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக இழுவையைக் குறைத்துவிடும்.

இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ரெயில் சென்சாரில் வயரைச் செருகும் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்தில் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால், மீட்டரை எடுக்காமலேயே பூஸ்ட் சென்சார் கப்ளரையும் கழற்றுங்கள். அளவு உடனே 5-க்கு ஏறினால் ஷார்ட் அந்தச் சென்சாரில் இருக்கிறது. ஏறாவிட்டால் வயர் கட்டான ஹார்னஸ் எங்கே உராய்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். மீட்டர் முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள், பின் விரிந்துவிட்டால் அதுவே புதுக் கோளாறாகிவிடும்.

தொண்டி மீன் வண்டி:
பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கடற்கரையில் ஓடும் வண்டிகளில், அதிலும் உப்பு ஏற்றும் வண்டிகளில், கப்ளரின் ரப்பர் சீல் இறுகிப்போனால் உப்பு ஈரம் உள்ளே இறங்கிவிடும். வாட்டர் சர்வீசில் எஞ்சின்மேல் பிரஷர் தண்ணீர் அடிப்பதுதான் இதற்கு முதல் காரணம்.

கீழக்கரை பம்ப் கடை:
அதை ஒப்புக்கொள்ள முடியாது. கழுவாமல் விட்டால் உப்பு சேஸிஸையே தின்றுவிடும்.

தொண்டி மீன் வண்டி:
கழுவ வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? சேஸிஸுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். கப்ளர் இருக்கும் இடத்தில் ஈரத்துணியால் துடைத்தால் போதாதா?

பழைய ஸ்பேனர்:
இரண்டும் தவறு. கப்ளருக்குள் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் இட்டிருந்தால் இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது.

உச்சிப்புளி வயரிங்:
பச்சை பூத்த பின்னின்மேல் கிரீஸ் பூசுவது ஈரத்தை உள்ளேயே வைத்து மூடுவதாகும். முதலில் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் கிரீஸைத் தொட வேண்டும். அதுவும் சீல் ஓரத்தில் மெல்லியதாகப் போதும்.

வாலிநோக்கம் லோடு:
1.7 வோல்ட் காட்டியது. பூஸ்ட் சென்சார் கப்ளரைக் கழற்றியதும் 5 வந்துவிட்டது. வேறு சென்சார் போட்டாயிற்று, வண்டி இழுக்கிறது. லோடு ஏற்றப் போகிறோம். நன்றி அண்ணே.

உச்சிப்புளி வயரிங்:
மகிழ்ச்சி. வயரிங் பக்கத்துப் பின்னிலும் பச்சை இருந்ததா, சீலை மாற்றினீர்களா என்று எழுதுங்கள். அதை அப்படியே விட்டிருந்தால் புதுச் சென்சாரும் இதே வழியில் போய்விடும்.

கீழக்கரை பம்ப் கடை:
வாட்டர் செப்பரேட்டரை வடித்தீர்களா, தம்பி?