கலைச்சொல்: அடாப்டர் – ‘செருகி மாற்றி’யா, ‘இடைச்செருகி’யா?

நண்பர்களே, உங்களில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> முகாமிடத்தில் கேம்பர் வண்டிக்கு (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி) மின்சாரம் எடுக்க உதவும் அடாப்டரைச் ‘செருகி மாற்றி’ என்றே சொல்லலாமே, எல்லோருக்கும் புரியும்.

தவறாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. மின்மாற்றி என்றால் டிரான்ஸ்பார்மர் என்று பள்ளியிலேயே மனத்தில் பதிந்துவிட்டது. ‘மாற்றி’ என்று படிப்பவர், வோல்ட்டையும் அது மாற்றித் தரும் என்று நம்பிவிடுவார். 120 வோல்ட்டுக்குச் செய்த வட அமெரிக்க வண்டியை அந்த நம்பிக்கையில் ஐரோப்பாவின் 230 வோல்ட்டில் இணைத்தால் உள்ளே இருக்கும் சாதனங்கள் கருகிப்போகும்.

ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் போனபோது பார்த்தேன். வோல்ட் இரு பக்கமும் ஒன்றுதான், சாக்கெட்டின் வாய்தான் வேறு. என் கையில் ஐரோப்பிய முகாம்களில் பரவலாக இருக்கும் நீல மூன்றுமுனைச் செருகி. அங்கே முகாமின் மின்கம்பத்தில் பழைய வீட்டுச் சாக்கெட்: இரண்டு துளை, துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு எர்த் முனை. நடுவில் வேண்டியதெல்லாம் ஒரு முழ வயர், அதன் ஒரு நுனி இதற்கு, மறு நுனி அதற்கு. இரண்டுக்கும் இடையே செருகுவது இடைச்செருகி. ஏட்டில் பிறகு நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்கிறோமே என்று கேட்டிருந்தீர்கள். விகுதி வேறு, இடமும் வேறு; குழம்பாது.

அப்புறம், ‘ரிவர்ஸ் போலாரிட்டி’க்கு வந்த ‘எதிர்முனைவு’ எனக்கு ஒப்பவில்லை. மாறுதிசை மின்சாரத்தில் முனை எப்போதும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. இங்கே நடப்பது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக்கொள்வது. சில வண்டிகளில் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். கம்பிகள் இடம் மாறியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பைக் கழற்றப் போனவர் அதில் கை வைப்பார். அதனால் ‘கம்பி மாறாட்டம்’ என்று முன்வைக்கிறேன். எலக்ட்ரீஷியன் இதைக் கேட்டதும் டெஸ்டரைத் தேடுவார், அது போதும்.

‘ஷோர் பவர்’, அதாவது நிற்கும் இடத்தில் வெளியிலிருந்து எடுக்கும் மின்சாரம், அதற்குத்தான் இன்னும் சொல் பிடிபடவில்லை. ‘கரை மின்சாரம்’ கப்பலுக்குச் சரி. ‘தரைமின்’ எர்த்தோடு குழம்பும். வண்டி தரித்து நிற்கும் இடத்தில் எடுப்பதால் ‘தரிப்பு மின்சாரம்’ எனலாமா? தரிப்பிடம் என்ற சொல்லை அன்றாடம் புழங்குபவர்கள் இலங்கை நண்பர்கள். உங்கள் காதுக்கு அது எப்படிப் படுகிறது என்று எழுதுங்கள்.