எங்களை வாசகர்களாக்கியது எந்தச் சஞ்சிகை? இந்தியாவிலிருந்து வந்ததா, இங்கே இலங்கையில் அச்சானதா?

தெகிவளை சுதன்:
மகளுக்குப் பத்து வயது. மாதம் ஒரு தமிழ்ச் சஞ்சிகை வாங்கிக் கொடுப்போம் என்று வெள்ளவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெரியவர்களுக்கு இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு பிள்ளை சும்மா படுத்திருந்து வாசிக்க ஒன்றுமில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதைத் தொடங்குகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். எங்களை வாசிக்கப் பழக்கியது சென்னையிலும் சிவகாசியிலும் அச்சான இதழ்கள். அம்புலிமாமா, கோகுலம், முத்து காமிக்ஸ், பிறகு 1984 இல் வந்த ராணி காமிக்ஸ், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர். இங்கே வந்த இலக்கியச் சஞ்சிகைகள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளையை அவை திரும்பிப் பார்க்கவில்லை. மறுப்பவர்கள் வாருங்கள்.

கொட்டாஞ்சேனை ராஜி:
தம்பி, உங்கள் வயதை வைத்து எல்லாருடைய பிள்ளைப் பருவத்தையும் அளக்கிறீர்கள். நான் எழுபதுகளில் வளர்ந்தவள். 1970 இல் வந்த ஐக்கிய முன்னணி அரசு தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்ட காலம். குமுதமும் விகடனும் நினைத்தபோது கிடைக்கவில்லை. அப்போது எங்கள் வீட்டில் யாரும் வாசிப்பதை நிறுத்திவிடவில்லையே. வீரகேசரி நிறுவனம் எங்கள் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வரிசையாக வெளியிட்டதும் அந்தக் காலத்தில்தான்.

சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகை வந்தால் அப்பாவிடமிருந்து பறிக்க வேண்டியிருக்கும். கார்ட்டூனிஸ்ட் சுந்தர் 1963 இல் கொழும்பில் தொடங்கியது, பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. அதன் கேள்வி பதில் பகுதியான மகுடியார் பதில்களை அப்பா உரக்க வாசிப்பார், அம்மா குசினிக்குள் இருந்தே மறுபதில் சொல்வார். அதில் வரும் கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித்தம்பரைப் பார்த்தால் எங்கள் பெரியப்பா நடந்து வருவது போலவே இருக்கும். அது சிறுவர் இதழ் இல்லைதான். ஆனால் வீட்டில் பேசுகிற பேச்சு அச்சிலும் வரலாம் என்று எனக்குத் தெரிந்தது அதில்தான்.

இன்னொன்று. 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்த பிறகு என் கடைசித் தம்பி அம்புலிமாமா வாங்கினான். அதில் இரண்டு புகைப்படங்களைப் போட்டு, பொருத்தமான தலைப்பு எழுதி அனுப்பச் சொல்லி ஒரு போட்டி வரும். அவன் ஒவ்வொரு முறையும் தலைப்பு யோசிப்பான். இதழ் எங்கள் கைக்கு வரும்போது முடிவுத் திகதி போயிருக்கும். அந்த இதழில் அவனுக்கு வாசிக்க மட்டும்தான் இடம். ஞாயிறு பேப்பரின் சிறுவர் பகுதிக்குத் தபாலட்டை போட்டான், பெயரும் பாடசாலையும் அச்சில் வந்தது. அன்றிலிருந்து எழுதுகிறான். ஒரு பிள்ளையை வளர்த்த இதழ் எது என்றால், அந்தப் பிள்ளையின் கடிதத்துக்கு இடம் கொடுத்த இதழைத்தான் நான் சொல்வேன்.

தெகிவளை சுதன்:
அக்கா, எழுதப் போகிற பிள்ளைக்கு அது சரி. நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் எழுதுவார்கள்? மற்றவர்களுக்கு வாசிக்கிற பழக்கம் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

அம்புலிமாமா வேதாளக் கதையின் முதல் பக்கம் இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. சங்கர் வரைந்த படம். சுடுகாடு, முறுக்கேறிய மரம், ஒரு கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம். விக்கிரமன் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து நடப்பான். பிணத்தின் கனம் அந்தச் சாய்வில் தெரியும். கதை முடிந்ததும் வேதாளம் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். நானும் அண்ணாவும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மூவரில் யார் செய்தது நியாயம் என்று சண்டை போடுவோம். அப்புறம்தான் அரசன் சொன்ன பதிலைப் பார்ப்போம். பல நாள் அவனுடைய பதிலே எங்களுக்குப் பிடிக்காது. ஒரு முடிவுக்கு எதிராக வாதாடலாம் என்று பாடசாலையில் யாரும் சொல்லித் தரவில்லை. சென்னையில் அச்சான ஒரு சிறுவர் இதழ் சொல்லித் தந்தது.

முத்து காமிக்ஸ் 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். அது ஆங்கிலேயர் போட்ட படக்கதை, சிவகாசியில் தமிழானது, தெகிவளையில் ஒரு பொடியன் டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தான். எந்த ஊர்க் கதை என்று அந்தப் பொடியன் ஒருநாளும் கேட்கவில்லை.

மலையருவி:
இரண்டு பேரும் "எங்கள்" என்கிறீர்கள். அதற்குள் நான் இல்லை.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து வேலைக்குக் கொழும்பு வந்தவள். சஞ்சிகை என்றால் டவுன் சலூனில் அட்டை கிழிந்து கிடந்த பழைய குமுதம். அப்பா கேட்டு வாங்கி வருவார். தொடர்கதையின் பதினெட்டாம் அத்தியாயம் கிடைக்கும், பத்தொன்பது கிடைக்காது. மிச்சக் கதையை நானே தங்கச்சிக்குச் சொல்லுவேன். ராஜி அக்காவின் சவாரித்தம்பர் எனக்கு விக்கிரமனின் வேதாளத்தைவிடத் தூரமானவர். யாழ்ப்பாணத்துப் பேச்சை "வீட்டுப் பேச்சு" என்கிறீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அப்படி யார் பேசினார்கள்?

1920களிலேயே கொழும்பில் தேசபக்தன் பத்திரிகை நடத்தித் தோட்டத் தொழிலாளருக்காக எழுதியவர் கோ. நடேசய்யர். அந்தப் பெயர்கூடப் பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் மல்லிகைச் சஞ்சிகையின் பழைய இதழ்களைப் புரட்டும்போது ஒரு மலையகச் சிறுகதை வந்தது. அப்புறம் அந்தனி ஜீவா நடத்திய கொழுந்து சஞ்சிகை கையில் கிடைத்தது. கொழுந்துக் கூடை, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம், கங்காணி, எல்லாம் அச்சில் இருந்தன. எனக்கு அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. பத்து வயதில் கிடைத்திருந்தால் என் படிப்பே வேறு மாதிரிப் போயிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

நிஸார், மருதானை:
சுதன் அண்ணன் பக்கம்தான் நான், ஆனால் அவருடைய பட்டியல் சின்னது. எனக்கு இந்தியா, இலங்கை இரண்டும் போதவில்லை.

வாப்பா டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகச் சஞ்சிகை கொண்டு வருவார். அதற்குள் சோவியத் நாடு என்ற சஞ்சிகை இருக்கும். யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பு இருக்கும், மணவை முஸ்தபா ஆசிரியராக இருந்தது. சோவியத் தாள் வழுவழுப்பும் தடிப்புமாக இருப்பதால் கொப்பிகளுக்கு உறை போடுவோம். என் கணிதக் கொப்பியின் அட்டையில் விண்வெளி வீரர் ஒருவர் தலைக்கவசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் உறையைக் கழற்றி மடிப்புக்குள் இருந்த எழுத்தை வாசித்தேன். நான் கதை இல்லாத கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்தது அன்றுதான்.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளிடம் மிஹிர என்ற சிறுவர் இதழ் இருந்தது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1964 இல் தொடங்கியது. அம்புலிமாமாவும் 1978 இல் சிங்களத்துக்கு வந்தது. ஒரே படத்தை அவர்கள் சிங்களத்தில் வாசிப்பார்கள், நான் தமிழில் வாசிப்பேன். அவர்களுக்கு இரண்டு கிடைத்தது. ஒன்று அவர்களுடையது, ஒன்று வெளியிலிருந்து வந்தது. மிஹிர போல நீடித்து நின்ற ஒன்று தமிழில் என் கைக்கு வரவில்லை. பெரியவர்களுக்கு அத்தனை சஞ்சிகை நடத்திய எங்கள் ஆட்களிடம் நான் கேட்க நினைப்பதும் அதைத்தான்.

அச்சுக்கூடத்துக்காரன்:
நிஸார் தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். நாற்பது வருடமாக இந்த மையில்தான் கை.

அம்புலிமாமா 1947 இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிப் பிறகு ஒரு டசின் மொழிக்குப் போனது. ஓவியர் ஒருமுறை வரைந்தால் போதும், படம் எல்லா மொழிக்கும் ஒன்றே, மாறுவது எழுத்து மட்டும். படச் செலவு அத்தனை மொழிக்கும் பிரிந்துவிடும். இங்கே ஒரு சஞ்சிகைக்கு ஆயிரம் பிரதி விற்றாலே பெரிய காரியம். சிறுவர் இதழென்றால் வண்ணம் வேண்டும். வண்ணத்துக்கு நான்கு மை, நான்கு பிளேட். அந்தச் செலவை ஆயிரத்தால் பிரித்துப் பாருங்கள். கடைக்காரர் விற்றால் கழிவு எடுப்பார், மீதிக் காசு மாதக் கணக்கில் பிந்தி வரும், விற்காதது மூலை மடங்கித் திரும்பி வரும். 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையே தள்ளிப் போனது. சிறுசஞ்சிகைக்காரன் தாளுக்கு எங்கே போவான்?

ஆகவே எங்கள் ஆட்களுக்குப் பிள்ளைகள் மீது அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கொட்டாஞ்சேனை ராஜி:
ஐயா, காசுக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகையைத் தொடங்கியபோது என்ன முதல் வைத்திருந்தார்? சலூன் தொழில் செய்தவர். இதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்றார். யுத்தத்தால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தும் விடவில்லை, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். நானூறு இதழ்களைத் தாண்டியது. ஓர் ஆள் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் செய்தார். இத்தனை பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கென்று ஒன்று நடத்த முடியாதா?

மலையருவி தங்கச்சி, நீங்கள் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் கோபம் நியாயம். நான் கேட்பதும் அதுதான். வாசிக்கிற பிள்ளையின் ஊர் அந்த இதழில் இருக்க வேண்டும். ஹட்டனும் ஊர்தான்.

எங்கள் வீட்டுச் சிரித்திரன் கட்டு 1983 கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வைக்கும் நூலகம் இணையத்தளம் 2005 இல் தொடங்கியிருக்காவிட்டால் அந்தப் பக்கங்களை நான் மறுபடி கண்டிருக்க மாட்டேன்.

தெகிவளை சுதன்:
அந்த இழப்பின் முன்னால் நான் வாதாடப் போவதில்லை அக்கா. ஆனால் மல்லிகையை உதாரணம் காட்டுவதை ஏற்க மாட்டேன். ஒவ்வோர் இதழிலும் அட்டையில் ஒரு கலைஞர் அல்லது எழுத்தாளரின் படம். உள்ளே விமர்சனம், சிங்களச் சிறுகதை மொழிபெயர்ப்பு. நல்ல காரியம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் பிடித்து ஏற ஒரு படிகூட இல்லை. படிகளைக் கட்டியது அம்புலிமாமா. அது நின்று பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அங்கே நின்றதும் இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாமல் போனதே, அதுதான் என் பயம்.

மலையருவி:
பயம் அதுவென்றால், இன்னொருவர் கட்டிய படியையே நம்பி இருந்தது பிழை என்று நீங்களே சொல்கிறீர்கள் அண்ணா.

நிஸார், மருதானை:
வண்ணம் இல்லாமல் தொடங்க முடியாதா ஐயா? சிரித்திரனில் பிள்ளைகளைப் பிடித்து வைத்தது கறுப்புக் கோட்டுப் படம்தானே.

அச்சுக்கூடத்துக்காரன்:
முடியும். ஒரு பெரிய தாளை இரண்டு பக்கமும் ஓட்டி மடித்து வெட்டினால் பதினாறு பக்கம். கறுப்பு மட்டும் என்றால் செலவு தாங்கக்கூடியது. சந்தாவை முன்கூட்டியே வாங்கினால் கடைக் கழிவும் மிச்சம். கணக்கைப் போட்டு இங்கேயே எழுதுகிறேன். மாதம் தவறாமல் படம் போட்டுத் தரக்கூடிய ஓவியர் ஒருவரைத் தேடுங்கள். கதை எழுத ஆயிரம் பேர் வருவார்கள், படம் போடத்தான் ஆள் கிடைப்பதில்லை.

தெகிவளை சுதன்:
தேடுகிறேன். முதல் நான்கு பக்கமும் படக்கதை. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனை ராஜி:
முதல் பக்கம் பிள்ளைகளின் கடிதங்களுக்கு. உங்கள் படக்கதை இரண்டாம் பக்கத்திலிருந்து வரட்டும் தம்பி.