கச்சேரிப் படம் எடுக்கும் தோழிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கிறேன். என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் போலந்துப் பெண் மூன்று வருஷமாக இங்கே சின்ன அரங்குகளில் ராக் கச்சேரிகளைப் படம் எடுக்கிறாள். பெரும்பாலும் முதல் மூன்று பாட்டுக்குத்தான் அனுமதி, ஃபிளாஷ் கூடாது. சிவப்பு விளக்கில் முகங்கள் கரைந்துபோகும். கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 என்று உயர்த்தி வைத்துக்கொண்டு, வெளிச்சம் வெள்ளைக்கு மாறும் அரை நொடிக்காகக் காத்திருப்பாள். டிரம்மர் தலையை உதறும்போது தெறித்த வியர்வைத் துளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும் படம் ஒன்று இருக்கிறது. அப்படியொரு படம்!

போன மாதம் அதை ஒரு அரங்கம் தன் போஸ்டரில் போட்டுவிட்டது. பெயரும் இல்லை, பணமும் இல்லை. எடுத்தவர் பெயரைப் போடச் சொல்லும் உரிமை ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் கேட்டால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்களோ என்று பயப்படுகிறாள். உறவு கெடாமல் இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கடிதம் எப்படி எழுதினீர்கள்?

இன்னொன்று. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோஸ் என்ற இசைப் பதிவுக்கூடம் 2022இல் தொடங்கிய இசைப் புகைப்பட விருதுக்கு அவளை அனுப்பச் சொல்கிறேன். இதுபோன்ற போட்டிகளுக்கு அனுப்பியவர்கள், படங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், விதிமுறைகளில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் பெரிய உதவி. புகைப்படக்காரர் ஆன்டன் கோர்பைனும் 1979இல் நெதர்லாந்திலிருந்து லண்டன் போய்த்தான் ஜாய் டிவிஷன் என்ற ராக் குழுவைப் படம் எடுத்தார் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.